வெள்ளிக்கிழமை ஓய்வு நாள்

பேருந்தில் தூங்குகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். முன்பின் தெரியாத ஒருவன் ஓட்டும் வண்டியில் ஏறி, தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்தபடி ஒருவர் தூங்கிவிட்டால், அது அந்த ஓட்டுநருக்குக் கிடைக்கிற மரியாதை. சம்பளம் தருகிறவர்கள்கூட அவ்வளவு மரியாதை தருவதில்லை.

இதை முதலில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, மேடம். நீங்கள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தது பந்தயத்தைப் பற்றிக் கேட்க. யாருக்குக் காயம், யார் நாளைக்கு ஆடமாட்டார்கள் என்று அணிக்குள்ளிருந்து செய்தி எடுத்து வெளியே விற்றேனா என்று கேட்டீர்கள். விற்கவில்லை. அந்த இடத்தில் உங்கள் விசாரணை அலுவலகம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அதை அப்படியே விட்டால் செய்தி விற்றவன் என்ற மலிவான பெயர் என் மேல் ஒட்டிக்கொள்ளும். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். காபி வேண்டாம், இந்தத் தண்ணீர் போதும்.

நான் வெர்லின் ஸ்டக்கி. எல்லோரும் வெர்ல் என்பார்கள். இந்தியானாவில் நான் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே அந்தக் கல்லூரி இருக்கிறது. அதன் பெண்கள் கூடைப்பந்து அணியை வெளியூர் ஆட்டங்களுக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. வேறு பேருந்துகளும் ஓட்டியிருக்கிறேன். முதியவர்களைச் சூதாட்டப் படகுக்கு, பாடகர் குழுக்களைச் சிகாகோவுக்கு. இந்தப் பெண்களைப்போல் கலகலப்பான கூட்டம் எதுவும் இல்லை. வண்டி கிளம்பினால் பின்பக்கம் சீட்டு விளையாட்டு, நடுவில் வீட்டுப்பாடம், முன்பக்கம் பீட்சா வாசனை.

"உன் கால் நாத்தத்துக்கு எதிர் டீமே மயங்கி விழுந்துடும்டி. நாளைக்கு ஷூ போடாம ஆடு."

"மூடுடி. நீ குறட்டை விடறத வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். உன் ஆளுக்கு அனுப்பவா?"

இப்படிப் போகும். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு குரலாக அடங்கும். அப்புறம் இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

எங்கள் அணி ஆடும் போட்டித் தொடரில் வியாழக்கிழமை ஓர் ஊரில் ஆட்டம், சனிக்கிழமை வேறோர் ஊரில் ஆட்டம். கென்டக்கி, டென்னசி, ஒஹையோ என்று ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும். நடுவில் வருகிற வெள்ளிக்கிழமையை அட்டவணையில் ஓய்வு நாள் என்று போட்டிருப்பார்கள். அன்றைக்கு ஆட்டம் இல்லை, அதனால் ஓய்வு. காலைப் பலகாரம் முடித்து வண்டியில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவார்கள் என்பது அட்டவணைக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்த இரவில் ஆடியவர்களுக்குத் தூக்கம் வராது. உடம்பு ஓய்ந்தாலும் மனசு ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் பேருந்தில்தான் தூங்குவார்கள். அதாவது அவர்களுடைய ஓய்வு முழுவதும் என் கையில் இருந்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

என் மனைவியின் தம்பி லாய்ல் டயர் கடை வைத்திருக்கிறான். பந்தயம் கட்டுவான். எனக்கு அந்தக் கலையைச் சொல்லித்தந்தவன் அவன்தான். இரண்டு அணிகள் ஒருபோதும் சமமாக இருப்பதில்லை, அதனால் பந்தயக் கம்பெனிகள் ஒரு கோடு போடுகின்றன. கோடு ஆறரை என்றால், பலமான அணி ஆறரைப் புள்ளி வித்தியாசத்துக்கு மேல் ஜெயித்தால்தான் அந்தப் பக்கம் கட்டியவனுக்குப் பணம். ஆறு புள்ளியில் ஜெயித்தால் அணிக்கு வெற்றி, கட்டியவனுக்குத் தோல்வி. அந்த அரைப் புள்ளியை லாய்ல் கொக்கி என்பான். எத்தனையோ பேர் அதை விழுங்கியிருக்கிறார்கள்.

லாய்லுக்கு ஓய்வு நாட்கள் மேல் பெரிய நம்பிக்கை. கூடுதலாக ஓய்வெடுத்த அணி கோட்டைத் தாண்டும், ஓய்வில்லாத அணி ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் காலை இழுத்துக்கொண்டு நிற்கும் என்பான். ஒருநாள் கடையில் போனை நீட்டினான்.

"உங்க டீமுக்கு ஒரு நாள் ஓய்வுன்னு போட்டிருக்கான் பாரு. அவங்களுக்கு நாலு நாள். கண்ணை மூடிட்டுக் கட்டலாம்."

அந்த ஒரு நாளும் அவர்கள் என் பேருந்தில்தான் இருந்தார்கள், தூங்கியிருந்தால் அது ஓய்வு, தூங்காவிட்டால் அது வேலை, அந்த வித்தியாசம் எந்த அட்டவணையிலும் இருக்காது என்று சொன்னேன்.

"இருக்கட்டும் வெர்ல். நீ ஸ்டியரிங்கப் புடி, கணக்க நான் புடிக்கறேன்" என்றான்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் காற்றை நிறுத்திவிட்டுச் சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை. யோசனைதான் வந்தது.

என் இருக்கைக்கு மேலே பயணிகளைப் பார்ப்பதற்கென்று ஒரு பெரிய கண்ணாடி உண்டு. அன்றிலிருந்து அதை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். உண்மையான தூக்கத்தில் கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கும். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பவரின் கழுத்து நிமிர்ந்திருக்கும். பாதிக்கு மேல் கழுத்துகள் நிமிர்ந்திருந்தால், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தும்போது, அவர்கள் கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்துக்குள் போனை எடுத்து எதிர்ப்பக்கம் ஒரு சிறிய தொகை கட்டுவேன். முதல் தடவை ஜெயித்தேன். இரண்டாவது தடவையும். லாய்லிடம் சொல்லவில்லை. ஒருநாள் எல்லாவற்றையும் சேர்த்து அவன் கடையிலேயே, அத்தனை பேர் முன்னால், மெதுவாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அந்த நாளை நினைத்துக்கொண்டு ஓட்டுவது சுகமாக இருந்தது.

எங்கள் அணிக்கு எதிராக மட்டும் ஏன் கட்டினாய் என்று கேட்டீர்கள். விரோதம் எதுவும் இல்லை. ஒருவரைத் தூங்கவைப்பது யாராலும் ஆகாத காரியம். தூங்கவிடாமல் செய்வது எளிது.

அது தொடங்கியது தற்செயலாகத்தான். ஒரு வெள்ளிக்கிழமை, கழுத்துகள் நிமிர்ந்திருக்கின்றன என்று பார்த்துக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். ஓய்விடத்தைத் தாண்டியதும் ஒவ்வொருவராகத் தூங்கிவிட்டார்கள். கட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது. அங்கே புது நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே பழைய கான்கிரீட் சாலை ஒன்று ஓடுகிறது. பலகை பலகையாக வார்த்த சாலை. பலகைக்குப் பலகை ஓர் இடுக்கு. வண்டி போகும்போது தட், தட், தட் என்று ஒரே தாளமாக முதுகெலும்பில் தட்டும். காதில் என்ன மாட்டியிருந்தாலும் எலும்பில் கேட்கும். நான் அதில் திருப்பினேன். பயிற்சியாளர் ஜோலீன் பர்க்கெட் எழுந்து முன்னால் வந்தார்.

"என்ன வெர்ல் இது, சோளக்காட்டு வழியா கூட்டிட்டுப் போறீங்களா?"

முன்னால் சாலை வேலை நடக்கிறது என்றேன். எங்கள் பக்கம் சாலை வேலை இல்லாத நாளே கிடையாது. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். வண்டிக்குள் ஹீட்டர் சூட்டைக் கூட்டினால் தூங்குவார்கள் என்று நினைப்பீர்கள். ஓரளவுக்கு மேல் கூட்டினால் தூங்கமாட்டார்கள், தாகம் எடுக்கும். கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்துக் கொண்டிருந்தால் போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாகவே இருப்பார்கள். தேவையில்லாமல் டீசல் போட நிறுத்தலாம். நிறுத்தியதும் உள்விளக்குகள் எரியும். டயரைத் தட்டிப்பார்க்க இறங்கலாம். பிரேக்கைக் காலால் சும்மா தொட்டுத் தொட்டு விடலாம், தூக்கத்தில் விழுவதுபோல் இருக்கும், உடம்பு திடுக்கிட்டு எழும்பும். ஆபத்தான ஒன்றை நான் செய்ததே இல்லை. வேக வரம்பைத் தாண்டியதில்லை. என் வண்டியில் ஏறியவர் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. பேருந்துக் கம்பெனி அதற்காக எனக்குப் பாராட்டுப் பட்டயம் கொடுத்திருக்கிறது.

நான் எப்போதும் நன்றாகத் தூங்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். ஓட்டுநருடைய ஓய்வை அரசாங்கம் கணக்குப் பார்க்கிறது. குறைந்தால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் ஓய்வை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் நான் அதற்குக் கட்டுப்பட்டிருப்பேன்.

டேட்டம் ரைக்கரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அவளைச் சொல்லாமல் இதைச் சொல்லி முடிக்க முடியாது.

பந்தை எடுத்துக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். உயரமில்லை. கணுக்கால் இரண்டிலும் எப்போதும் கட்டு. முதல் வருடம் வண்டியில் ஏறியபோதே என்னிடம் வந்து, எந்த இருக்கை குலுங்காமல் இருக்கும் என்று கேட்டாள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சரியாக நடுவில் இருக்கிற இருக்கை என்றேன். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்றிலிருந்து அது அவள் இருக்கை. வேறு யாராவது உட்கார்ந்தால் நானே எழுப்பிவிடுவேன். இறங்கும்போதெல்லாம் படியில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"இன்னைக்கு வெண்ணெய் மாதிரி ஓட்டினீங்க, மிஸ்டர் வெர்ல். ஹூஸ்டன்ல ராக்கெட்டே உங்ககிட்ட குடுக்கலாம்."

ஏன் அவளுக்குத் தூக்கம் அவ்வளவு முக்கியம் என்று அவளே ஒருநாள் சொன்னாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் சாண்ட்விச்சை வாங்கிக்கொண்டு வண்டிக்கே திரும்பி வந்துவிட்டாள். சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு இருந்தது. பள்ளியில் படிக்கும்போது நின்றுவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறாள். அது அணியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், டாக்டர் ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"மாத்திரை பாதி, தூக்கம் பாதி" என்றாள். "தூக்கம் கெட்டா அது திரும்ப வரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு தடவை வந்தாலும் அப்புறம் கையெழுத்து போடமாட்டாங்க. ஆட்டம் போச்சு, ஆட்டத்துக்காக காலேஜ் தர்ற படிப்புச் செலவும் போச்சு. அம்மாவால முடியாது மிஸ்டர் வெர்ல். அவங்க ரெண்டு வேலை பாக்கறாங்க."

இன்னும் ஒரு வருடம்தான், எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும், பட்டம் வாங்கிப் பள்ளி ஆசிரியையாகிவிடுவேன் என்றாள். நான் அவளுக்கு என் தெர்மாஸிலிருந்து சூப் கொடுத்தேன். நல்ல பெண். அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு மனம் கனத்தது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

பிறகு யோசித்தபோது, என் கணக்கில் இருந்த ஒரு குழப்பம் அவள் பேச்சால் தெளிந்ததைக் கண்டேன். எத்தனை கழுத்துகள் என்று எண்ணியது வீண்வேலை. எல்லோரும் தூங்கி, பந்தை நடத்துகிறவள் ஒருத்தி மட்டும் தூங்காவிட்டால், அணியே தூங்காததுபோலத்தான். மற்ற பிள்ளைகளையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. ஒரு விதத்தில் அது இரக்கமான வழியாகவும் எனக்குப் பட்டது.

நடு இருக்கைக்கு மேலே இருந்த காற்றுத் துளையின் மூடியைக் கழற்றிவிட்டேன். அது சரியாக அவள் கழுத்தில் ஊதும். பக்கத்து இருக்கையின் சாய்வு நெம்புகோலைத் தளர்த்தி வைத்தேன், குலுங்கும்போதெல்லாம் கடகடவென்று அடிக்கும். பழுது பார்த்துத் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் தன் சாக்ஸ் ஒன்றை அதில் திணித்து வைத்தாள். அவள் இறங்கியதும் அதை எடுத்துவிட்டேன். மறுமுறை வேறு சாக்ஸ் கொண்டுவந்தாள்.

அவள் ஆட்டம் கெட்டது. பயிற்சியாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. காதல் தோல்வி என்று பின்னால் கேலி செய்தார்கள்.

"யாருடி அவன், சொல்லு. வெர்ல் கிட்ட சொல்லி வண்டிய ஏத்திடலாம்" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டேட்டமும்தான்.

ஜனவரி கடைசியில், ஓர் ஓய்விடத்தில், அவள் தனியாக என்னிடம் வந்தாள். நான் அப்போதுதான் போனைச் சட்டைப்பையில் போட்டிருந்தேன்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கன்னு நெனச்சு சொல்றேன்" என்றாள். "ரெண்டு நாளா கண்ணு ஓரத்துல என்னமோ மினுங்குது. சின்ன வயசுல அது வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் மினுங்கும். கோச்சுக்குத் தெரிஞ்சா உட்கார வெச்சுடுவாங்க. கொஞ்சம் தூங்கினா சரியாயிடும். நல்ல ரோடா பாத்துப் போங்க, என்ன?"

சரி என்றேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். இதைத்தான் உள் செய்தி என்கிறீர்கள் நீங்கள். எத்தனையோ பேர் அந்தச் செய்திக்குப் பணம் கொடுத்திருப்பார்கள். லாய்லிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் செய்தி விற்றவன் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த பயணம் பிப்ரவரியில். வியாழக்கிழமை கென்டக்கியில் ஆடினார்கள், நீண்ட ஆட்டம், கூடுதல் நேரம் போய்த் தோற்றார்கள். வெள்ளிக்கிழமை காலையில் டேட்டம் படியேறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். பிறகு போய் நடு இருக்கையில் சாய்ந்துகொண்டாள். வெளியே வானம் ஈயம்போல் கிடந்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு எங்கள் அணிக்கு ஒரு நாள் ஓய்வு, எதிரணிக்கும் ஒரு நாள் ஓய்வு. ஓய்வு சமம் என்பதால் கோடு எங்கள் பக்கம் நாலரை. நாங்கள் ஐந்து புள்ளிக்காவது ஜெயிக்க வேண்டும். அவள் தூங்கினால் அதைத் தாண்டிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் எதிர்ப்பக்கம் கட்டினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக.

பழைய சாலையில் திருப்பினேன். அன்றைக்கு அது குளிரில் வெடித்து இன்னும் மோசமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் எழுந்து, இருக்கைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து என் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் போனில் யாரிடமோ தோற்றதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் வெர்ல், நேத்து ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. இந்த ரோடு எப்ப முடியும்?"

"இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா."

அந்த நேரத்தில் புது நெடுஞ்சாலைக்கு ஏறும் வழி வந்தது. பச்சைப் பலகை, அம்புக்குறி, எல்லாம் அவள் கண் முன்னால் இருந்தது. நான் நேராகப் போனேன். அவள் பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி. உங்களுக்குத் தெரியாத ரோடா" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். டென்னசி போய்ச் சேரும் வரை அவள் கழுத்து நிமிர்ந்தே இருந்தது.

மீதியை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அப்போது அதை யாரும் என்னோடு சேர்த்துப் படிக்கவில்லை. விடுதிக்குப் போனதும் பயிற்சியாளர் வழக்கம்போல் எல்லோரையும் குளியல் தொட்டியில் ஐஸ் போட்டுக் காலை நனைக்கச் சொன்னார். ஓய்வு நாளில் அது வழக்கம், கால் வீக்கம் வடியும். டேட்டமோடு அறையில் தங்கியிருந்த பெண் கீழே சாப்பாடு வாங்க வந்தாள். வரவேற்பறையில் என்னைப் பார்த்து, டேட்டமுக்குச் சிக்கன் வாங்குவதா, வெறும் நூடுல்ஸ் வாங்குவதா என்று கேட்டாள். நூடுல்ஸ், அதுதான் தூக்கம் வரவைக்கும் என்று சொன்னேன். அவள் வாங்கிக்கொண்டு மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அலறும் சத்தம் கேட்டது.

வலிப்பு என்றார்கள். தொட்டியில் தண்ணீர் முழங்கால் அளவுக்குக்கூட இல்லை என்றார்கள்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். நான் இருக்கிறேன், அவசரமில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ரத்தான ஆட்டத்துக்குக் கட்டிய பணத்தைப் பந்தயக் கம்பெனி திருப்பிக் கொடுத்துவிடும். கொடுத்தது. அதனால் அந்த வெள்ளிக்கிழமையால் எனக்கு ஒரு காசு லாபம் கிடையாது. அதை நான் உங்களுக்குக் காட்ட முடியும்.

அடக்கத்துக்கு அணியை நான்தான் ஏற்றிப்போனேன். சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. உருளைக்கிழங்கு மசியலின் மேல் நூடுல்ஸ் ஊற்றிக் கொடுத்தார்கள், எங்கள் பக்கத்து வழக்கம். நான் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளுடைய அம்மா கார்லா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் காகிதத் தட்டு, அதில் எதுவும் இல்லை. என் எதிரில் உட்கார்ந்தார்.

"வெர்ல் நீங்கதானே?" என்றார். "உங்களப் பத்தி அவ நிறையச் சொல்லுவா. வீட்டுல கூட எனக்கு அப்படித் தூக்கம் வராதும்மா, வெர்ல் ஓட்டினாத்தான் தூங்குவேன்னு சொல்லுவா."

அது முதல் வருடத்துப் பேச்சாக இருக்க வேண்டும். பிறகு வந்ததை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. சொன்னால் அம்மா பயந்து ஆட்டத்தை விடச் சொல்லியிருப்பார்.

"நல்லாத் தூங்குவாங்க" என்றேன்.

"அந்த வெள்ளிக்கிழமை தூங்கினாளா?"

"தூங்கினாங்க. வழியெல்லாம் தூங்கினாங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதில் அவருக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு தாய்க்கு ஆறுதல் சொன்னது தப்பென்று யாரும் சொல்ல முடியாது. அவர் இப்போது மூன்றாவது வேலைக்கும் போகிறார் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லையாம்.

சற்றுமுன் நீங்கள் ஒரு விஷயம் சொன்னீர்கள். உங்கள் அலுவலகத்தில் கணக்குத் தெரிந்த ஒருவர் நான் கட்டிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார், பாதி ஜெயித்திருக்கிறேன், பாதி தோற்றிருக்கிறேன், காசைச் சுண்டிவிட்டுக் கட்டியிருந்தாலும் இவ்வளவுதான் வந்திருக்கும் என்றீர்கள். பேருந்து, தூக்கம், பயணம் எல்லாமே எப்போதோ அந்தக் கோட்டுக்குள் போய்விட்டன, கோடு போடுகிறவர்களுக்கு அதெல்லாம் பழைய செய்தி என்றும் சொன்னீர்கள். இதைச் சொல்லும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்படி இருக்காது, மேடம். உங்கள் ஆளுக்குக் கணக்குத் தெரியலாம், ஆனால் எதிரணியின் பேருந்தை யார் ஓட்டினார்கள், எந்தச் சாலையில் வந்தார்கள் என்று அவர் சேர்த்திருக்கமாட்டார். அந்தப் பெண்களும் தூங்காமல் வந்திருந்தால் என் பக்கத்து வேலை அடிபட்டுப்போகும். இன்னும் ஒரு பருவம் கிடைத்திருந்தால் நான் அதையும் விசாரித்துச் சரிசெய்திருப்பேன். லாய்ல் கடையில் இன்னும் சொல்லவில்லை. இனி சொல்லியும் பயனில்லை. போன மாதம் கடையை விற்றுவிட்டு ஃப்ளோரிடா போய்விட்டான்.

கடைசி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்வதுதான் மரியாதை.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் அணி மறுபடி ஆட வந்தது. ஆட வேண்டும், டேட்டம் அதைத்தான் விரும்புவாள் என்று பயிற்சியாளர் சொன்னார். ஒஹையோவில் ஆட்டம். சட்டையில் எல்லோரும் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். நடு இருக்கையில் யாரும் உட்காரவில்லை, அவளுடைய சட்டையை மடித்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு நான் புது நெடுஞ்சாலையில், கண்ணாடித் தம்ளரை வைத்தால் தளும்பாத மாதிரி ஓட்டினேன். சூட்டைத் தொடவில்லை. எங்கேயும் நிறுத்தவில்லை, ஓய்விடத்தில் ஒரே ஒரு தடவை தவிர. காற்றுத் துளைக்கு மூடி போட்டுவிட்டேன். நெம்புகோலை இறுக்கிவிட்டேன். அப்படியும் ஒரு பெண்கூடத் தூங்கவில்லை. அத்தனை பேரும் கண்ணைத் திறந்துகொண்டு வெளியே வெறும் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அட்டவணையைப் பார்த்தேன். நடுவில் ஆட்டமே இல்லாததால் எங்கள் அணிக்குப் பல நாள் ஓய்வு என்று போட்டிருந்தது. பருவத்திலேயே அவ்வளவு ஓய்வு அவர்களுக்குக் கிடைத்ததில்லை. அதைப் பார்த்துக் கோட்டை எங்கள் பக்கம் தாராளமாக நகர்த்தியிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் கட்டினேன். எங்கள் அணி பெரிதாகத் தோற்றது.

என் மேல் எந்தக் குற்றத்தை வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு பந்தயத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அன்றைக்கு நான் யாருடைய தூக்கத்தையும் கெடுக்கவில்லை. அது நான் நேர்மையாக ஜெயித்தது.